ஒரு விந்தணுவுக்கு 74 நாள்

1977ஆம் ஆண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் லாத்ரோப் என்ற ஊர். அங்கிருந்த பூச்சிமருந்து ஆலையின் தொழிலாளர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தபோதுதான் அந்த விஷயம் உறைத்தது. டிபிசிபி என்ற ரசாயனத்தைக் கையாண்டவர்களில் பலருக்குச் சில வருடங்களாகவே குழந்தை பிறக்கவில்லை. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு காரணம் சொல்லிக்கொள்ளலாம். சேர்த்துப் பார்த்தபோது அச்சம் வந்தது. விந்துப் பரிசோதனை செய்துகொண்டார்கள். சிலருக்கு விந்தணு மிகக் குறைவு. சிலருக்கு ஒன்றுகூட இல்லை.

டிபிசிபி என்பது பயிர்களின் வேரைத் தின்னும் நூற்புழுக்களைக் கொல்லும் மருந்து. வாழை, அன்னாசி, திராட்சைத் தோட்டங்களில் மண்ணுக்குள் செலுத்தினார்கள். எலிகளுக்குக் கொடுத்தால் விந்தகம் சுருங்கிப்போகிறது என்று 1961லேயே ஆய்வுக் கட்டுரை வெளிவந்திருந்தது. பதினாறு வருடம் கழித்து அதே சேதம் மனிதர்களிடம் தெரிந்தது. அதன் பிறகுதான் தடை வந்தது. மத்திய அமெரிக்காவின் வாழைத் தோட்டத் தொழிலாளர்கள் பல்லாயிரம் பேர் இதே பாதிப்புக்காகப் பல ஆண்டுகள் வழக்கு நடத்தினார்கள்.

லாத்ரோப் ஆலைத் தொழிலாளர்களைச் சோதித்த மருத்துவர்கள் கண்ட இன்னொரு தகவலை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். விந்தணு இல்லாத அந்த ஆண்களுக்கு ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் அளவு சரியாகவே இருந்தது. வேறு பெரிய கோளாறும் தென்படவில்லை. ஆண்மை என்று நாம் பொதுவாகச் சொல்வதில் எந்தக் குறையும் இல்லாமலேயே ஒருவருக்கு விந்தணு அறவே இல்லாமல் போகலாம். இது தெரியாததால் நம் குடும்பங்களில் நடக்கும் அநியாயம் கொஞ்சநஞ்சமல்ல. கல்யாணமாகி இரண்டு வருடம் குழந்தை இல்லையென்றால் ஸ்கேன், ஊசி, லேப்ராஸ்கோப்பி என்று அத்தனைக்கும் முதலில் போவது மனைவி. கணவனின் விந்துப் பரிசோதனைக்கு ஊசி இல்லை, மயக்கமருந்து இல்லை, செலவும் சில நூறு ரூபாய்தான். அது கடைசியில் நடக்கும். பல வீடுகளில் நடப்பதே இல்லை. குழந்தையின்மையில் ஏறத்தாழ பாதி தம்பதிகளிடம் ஆண் தரப்பிலும் காரணம் இருக்கிறது என்பது மருத்துவ உலகம் பல காலமாக அறிந்த செய்தி.

விந்தகத்தை நுண்ணோக்கியில் பார்த்தால் விந்தணு உற்பத்தி, டெஸ்டோஸ்டிரோன் சுரப்பு என்ற இரண்டு வேலைகளும் தனித்தனியே நடப்பது தெரியும். உள்ளே மடிந்து சுருண்டு கிடப்பவை விந்து நுண்குழல்கள். நீட்டிப் போட்டால் இரண்டு விந்தகங்களிலும் சேர்த்து சில நூறு மீட்டர் வரும். விந்தணு உருவாவது இந்தக் குழல்களின் சுவரில். குழலுக்கும் குழலுக்கும் இடையில் உள்ள சந்துகளில் லீடிக் செல்கள் கொத்துக் கொத்தாக இருக்கின்றன. டெஸ்டோஸ்டிரோன் அங்கே சுரக்கிறது. 1850ல் ஃபிரான்ஸ் லீடிக் என்ற ஜெர்மானியர் இவற்றை விவரித்தார். குழலுக்குள்ளே, வளரும் விந்தணுக்களைத் தாங்கிப் பிடித்து ஊட்டம் கொடுக்கும் உயரமான செல்களை 1865ல் கண்டு எழுதியவர் இத்தாலியின் பாவியா நகரத்தில் படித்துக்கொண்டிருந்த என்ரிகோ செர்டோலி. அப்போது அவருக்கு வயது 23. இந்த ஊர்ப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு மீண்டும் வரும்.

மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி இரண்டு ஹார்மோன்களை அனுப்புகிறது. எல்ஹெச் லீடிக் செல்களுக்கு, எஃப்எஸ்ஹெச் செர்டோலி செல்களுக்கு. லீடிக் செல்கள் அருகிலேயே இருப்பதால் விந்தகத்துக்குள் டெஸ்டோஸ்டிரோன் செறிவு ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். விந்தணு உருவாக அந்த உள்ளூர்ச் செறிவு கட்டாயம் வேண்டும். ஜிம்முக்குப் போகும் இளைஞர்கள் பலருக்கு இது தெரிவதில்லை. உடம்பு ஏற வேண்டும் என்று டெஸ்டோஸ்டிரோன் ஊசியோ அதன் வழிவந்த ஸ்டீராய்டோ போட்டுக்கொண்டால், ரத்தத்தில் போதுமான அளவு இருக்கிறது என்று எண்ணி பிட்யூட்டரி தன் இரண்டு ஹார்மோன்களையும் நிறுத்திவிடுகிறது. விந்தகத்துக்குள் டெஸ்டோஸ்டிரோன் சரிகிறது, விந்தணு உற்பத்தி நின்றுபோகிறது. உலக சுகாதார நிறுவனம் ஆண்களுக்கான கருத்தடை ஊசியாகவே டெஸ்டோஸ்டிரோனைப் பல நாடுகளில் சோதித்து 1990ல் முடிவை வெளியிட்டது. வாராவாரம் ஊசி போட்டுக்கொண்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு விந்தணு எண்ணிக்கை பூஜ்யத்துக்கு இறங்கியது. நிறுத்தினால் பெரும்பாலோருக்குத் திரும்பும், ஆனால் மாதக்கணக்கில் ஆகும். குழந்தை வேண்டும் என்று வரும் ஆணுக்கு ‘பலம் வர’ டெஸ்டோஸ்டிரோன் எழுதிக் கொடுப்பது நேர் எதிரான வைத்தியம்.

இனி நுண்குழலுக்குள் நுழைவோம். சுவரின் வெளி விளிம்பில் ஸ்டெம் செல்கள் இருக்கின்றன. ஒரு ஸ்டெம் செல் பிரியும்போது ஸ்டெம் செல்லாகவே தொடர்வதா, விந்தணுவாகும் பாதையில் இறங்குவதா என்ற முடிவு எடுக்கப்பட வேண்டும். எல்லாம் இறங்கிவிட்டால் கையிருப்பு தீர்ந்துபோகும்; எதுவுமே இறங்காவிட்டால் விந்தணு கிடையாது. பக்கத்தில் இருக்கும் செர்டோலி செல் சுரக்கும் ஜிடிஎன்எஃப் என்ற புரதம் ‘இப்படியே இரு’ என்கிறது. வைட்டமின் ஏ-யிலிருந்து உருவாகும் ரெட்டினாயிக் அமிலம் ‘கிளம்பு’ என்கிறது. வைட்டமின் ஏ இல்லாத தீவனம் தின்ற எலிகளின் விந்தகம் சிறுத்துப்போவதை 1925லேயே வோல்பாக், ஹோவ் என்ற இருவர் எழுதினார்கள். ரெட்டினாயிக் அமிலம் தூண்டிவிடும் ஸ்டிரா8 என்ற மரபணுதான் செல்லை அடுத்த கட்டத்துக்குள் தள்ளுகிறது என்பது அதற்கு எண்பது வருடம் கழித்துத் தெளிவானது.

டிபிசிபி தாக்கியவர்களில் சிலர் மீண்டார்கள், சிலர் மீளவில்லை என்பதன் விளக்கமும் இந்த விளிம்பில்தான் இருக்கிறது. ஸ்டெம் செல்கள் கொஞ்சமாவது மிஞ்சியிருந்தால் குழல் மறுபடி நிறையும். அவை அழிந்துவிட்டால் செர்டோலி செல்கள் மட்டும் வெறும் சுவராக நிற்கும்.

கிளம்பிய செல் இரண்டு, நான்கு, எட்டு என்று பெருகுகிறது. பிரிந்த செல்கள் முழுமையாகப் பிரிவதில்லை. ஒன்றை ஒன்று தொட்டபடி மெல்லிய பாலங்களால் இணைந்தே வளர்கின்றன. இதனால் விளையும் நன்மை வியப்பானது. கடைசியில் பாதி விந்தணுக்களுக்கு எக்ஸ் குரோமோசோம், மீதிப் பாதிக்கு ஒய் போகும். எக்ஸில் உள்ள பல மரபணுக்கள் ஒய்யில் இல்லை. ஒய் பெற்ற செல் அந்தப் புரதங்கள் இல்லாமல் எப்படி வளரும்? பக்கத்து எக்ஸ் செல்லிலிருந்து பாலம் வழியாக வந்து சேர்ந்துவிடுகின்றன. தந்தையிடமிருந்து ஆண் வாரிசுக்கும் பெண் வாரிசுக்கும் போகும் செல்கள் ஒரே சாப்பாட்டைப் பங்கிட்டு வளர்கின்றன.

அடுத்தது குன்றல் பகுப்பு. 46 குரோமோசோம்களை 23 ஆக்க வேண்டும். அதற்கு முன் தாய்வழி குரோமோசோமும் தந்தைவழி குரோமோசோமும் ஜோடி சேர்ந்து தங்களுக்குள் துண்டுகளை மாற்றிக்கொள்ள வேண்டும். இதற்காக செல் தன் டிஎன்ஏவைத் தானே வெட்டிக்கொள்கிறது. எஸ்பிஓ11 என்ற புரதம், எலியின் ஒரு செல்லில் மட்டும் இருநூறுக்கும் மேற்பட்ட இடங்களில், டிஎன்ஏவின் இரண்டு இழைகளையும் அறுக்கிறது. உடலின் வேறு எந்த செல்லிலாவது இத்தனை அறுப்பு நடந்தால் அது செத்துப்போகும். இங்கே அறுபட்ட ஒவ்வொரு முனையும் தன் ஜோடியைத் தேடிப் பிடித்து, அதைப் பார்த்து ஒட்டிக்கொள்கிறது. மனிதனுக்கு இந்தக் கட்டம் மட்டும் மூன்று வாரத்துக்கு மேல் நீள்கிறது. ஜோடி சேர்வதில் பிசகினால் செல் அங்கேயே நிறுத்தப்பட்டு அழிக்கப்படும். விந்தணு அறவே இல்லாத ஆண்கள் சிலருக்குத் திசுப் பரிசோதனை செய்தால் எல்லா செல்களும் இந்தக் கட்டத்தோடு நின்றிருப்பதைக் காணலாம். எக்ஸ் குரோமோசோமில் உள்ள டெக்ஸ்11 என்ற மரபணுவின் பழுது இதற்குக் காரணமாகலாம் என்று 2015ல் தெரிந்தது. எக்ஸ் தாயிடமிருந்து வருவது. தாய்க்கு இரண்டு எக்ஸ் இருப்பதால் அவருக்கு ஒரு தொந்தரவும் இருந்திருக்காது.

இப்படி உருவாகும் புதிய செல்களை உடலின் நோய் எதிர்ப்பு மண்டலம் இதற்கு முன் பார்த்ததே இல்லை. குழந்தைப் பருவத்தில் ‘இது நம்முடையது’ என்று அது பழகிக்கொண்டபோது விந்தணுக்களே இருக்கவில்லை. அந்நியர் என்று தாக்கிவிடாமல் இருக்க, செர்டோலி செல்கள் தோளோடு தோள் ஒட்டி நின்று ரத்தத்துக்கும் வளரும் செல்களுக்கும் நடுவே தடுப்பு கட்டியிருக்கின்றன. வளரும் செல் உள்ளே நகரும்போது முன்னால் உள்ள தடுப்பு திறக்கும் முன்பே பின்னால் புதிதாக ஒன்று மூடிக்கொள்ளும்.

பகுப்பு முடிந்த செல் இன்னும் உருண்டையாகவே இருக்கிறது. வாலும் இல்லை, தலையும் இல்லை. இனி நடக்கும் மாற்றத்தைத்தான் இந்த வரலாற்றின் உச்சம் என்று நான் நினைக்கிறேன். நம் உடலின் மற்ற செல்களில் டிஎன்ஏ, ஹிஸ்டோன் என்ற புரதத்தைச் சுற்றிச் சுற்றி இருக்கும். வேண்டும்போது அவிழ்த்துப் படிக்கலாம். விந்தணுவில் அந்த ஹிஸ்டோன்களைப் பெரும்பாலும் கழற்றி எறிந்துவிட்டு, புரோட்டமின் என்ற மிகச் சிறிய புரதம் உட்கார்கிறது. மனிதனின் புரோட்டமின்-1 ஏறத்தாழ ஐம்பது அமினோ அமிலம் நீளம். அதில் ஏறத்தாழ பாதி அர்ஜினின். அர்ஜினினுக்கு நேர் மின்னூட்டம், டிஎன்ஏவுக்கு எதிர் மின்னூட்டம். இரண்டும் சேர்ந்தால் மின்விலக்கம் தீர்ந்து டிஎன்ஏ இழைகள் நெருங்கி அமர்கின்றன. அறுவடை முடிந்த வயலில் பரந்து கிடக்கும் வைக்கோலை இயந்திரம் இழுத்து அழுத்தி உருளைக் கட்டுகளாகத் தள்ளுவதைப் பார்த்திருப்பீர்கள். அதைப் போல, பரந்து கிடந்த மரபுத் தொகுதி வளையம் வளையமாக இறுகி, ஐந்து மைக்ரான் நீளமுள்ள தலைக்குள் அடங்கிவிடுகிறது. புரோட்டமின்களுக்கு இடையே கந்தக இணைப்புகள் விழுந்து கட்டு மேலும் இறுகுகிறது. இறுக்கம் சரியாக விழாத விந்தணுக்களில் டிஎன்ஏ எளிதில் உடைகிறது. புகை, கடும் வெப்பம், தொற்று இவற்றால் பெருகும் வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகளுக்கு அவைதான் முதலில் இரையாகும்.

புரோட்டமினைக் கண்டுபிடித்தவர், டிஎன்ஏவை முதன்முதலில் பிரித்தெடுத்த அதே ஃபிரெடரிக் மீஷர். 1869ல் காயங்களின் சீழிலிருந்து டிஎன்ஏவை எடுத்தவர், சுவிட்சர்லாந்தின் பாசல் நகருக்குத் திரும்பியதும் ரைன் நதியில் முட்டையிட ஏறிவரும் சால்மன் மீன்களின் விந்தணுவுக்கு மாறினார். விந்தணு என்பது பெரும்பாலும் உட்கரு மட்டுமே என்பதால் அவருக்கு அது மிகத் தோதான பொருள். குளிர்காலத்தில் ஜன்னலைத் திறந்து வைத்து, சூடேறிப் பொருள் கெட்டுவிடாதபடி வேலை செய்தார். 1874ல் புரோட்டமின் பற்றி எழுதினார். அந்த மீன் புரோட்டமின் பிறகு மருந்துக் கடைக்கு வந்தது. சர்க்கரை நோயாளிகள் பலர் போட்டுக்கொள்ளும், பாட்டிலை உள்ளங்கையில் உருட்டிக் கலக்கினால் பால் போலக் கலங்கும் என்பிஹெச் இன்சுலினில் உள்ள ‘பி’ புரோட்டமினைக் குறிக்கிறது. இன்சுலின் மெதுவாகக் கரைவதற்காக அதைச் சேர்த்தவர் டென்மார்க்கின் ஹாகெடோர்ன். இதய அறுவை சிகிச்சை முடிந்ததும், ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த ஹெபாரினை முறிக்கவும் புரோட்டமின்தான்.

மரபுத் தொகுதியை இப்படி இறுக்கிவிட்டால் மரபணுக்களைப் படிக்க முடியாது. அதனால் செல் முன்யோசனையோடு நடக்கிறது. தேவைப்படும் ஆர்என்ஏ நகல்களை எழுதி எடுத்துக்கொண்டு, பல நாட்கள் பயன்படுத்தாமல் பூட்டி வைக்கிறது. நேரம் வரும்போது மட்டும் திறந்து புரதம் தயாரிக்கிறது. எலிகளில் புரோட்டமின் நகலின் பூட்டை மரபணு மாற்றத்தால் உடைத்து முன்கூட்டியே புரதம் உருவாக வைத்தபோது, உட்கரு அகாலத்தில் இறுகி அந்த எலிகள் மலடாயின. சரியான பொருள் இருந்தும் நேரம் தப்பினால் விந்தணு இல்லை.

அதே நாட்களில் வாலும் முளைக்கிறது. கோல்கி உறுப்பிலிருந்து நொதிகள் நிறைந்த ஒரு தொப்பி தலையின் முன்பகுதியை மூடுகிறது. மைட்டோகாண்டிரியாக்கள் கழுத்துக்குக் கீழே சுருளாகச் சுற்றிக்கொள்கின்றன. மிஞ்சிய செல் திரவத்தை மொத்தமாகக் கழற்றிப் போட, செர்டோலி செல் அதை விழுங்கிவிடுகிறது. வாலின் குறுக்குவெட்டை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் நடுவே இரண்டு நுண்குழாய்களும் சுற்றிலும் ஒன்பது ஜோடிகளும் தெரியும். ஒவ்வொரு ஜோடியிலிருந்தும் டைனின் என்ற புரதக் கைகள் நீண்டு பக்கத்து ஜோடியை இழுத்து விடுகின்றன. அந்த இழுப்பின் கூட்டுத்தொகைதான் வாலின் வீச்சு.

ஸ்டாக்ஹோமில் பியோர்ன் அஃப்செலியஸ், குழந்தை இல்லை என்று வந்த சில ஆண்களின் விந்தணு வாலை இப்படிப் பார்த்தார். வால் உருவாகியிருந்தது, அசையவில்லை. டைனின் கைகளைக் காணோம். விசாரித்தபோது அவர்களுக்குச் சிறுவயது முதல் சளி, சைனஸ், மூச்சுக்குழல் தொற்று ஓயாமல் இருந்தது தெரிந்தது. சிலருக்கு இதயம் வலப்பக்கம் இருந்தது. 1976ல் அவர் இந்த மூன்றையும் ஒரே காரணத்தில் கோத்தார். மூச்சுக்குழலில் சளியை மேலே தள்ளும் நுண்மயிர்களும் விந்தணு வாலும் ஒரே கட்டமைப்பு. கருவில் உறுப்புகள் இடம் வலம் பிரிவதும் இத்தகைய நுண்மயிர்கள் சுழன்று உண்டாக்கும் நீரோட்டத்தால்தான். அவை அசையாவிட்டால் இதயம் எந்தப் பக்கம் போகும் என்பது தற்செயலாகிவிடுகிறது. இந்நோய் உள்ளவர்களில் சுமார் பாதிப் பேருக்கு உறுப்புகள் இடம் மாறி அமைகின்றன. குழந்தையின்மைக்காக வந்த ஆணிடம் அடிக்கடி சளி பிடிக்குமா என்று மருத்துவர் கேட்டால் சம்பந்தமில்லாத கேள்வி என்று நினைக்க வேண்டாம்.

ஸ்டெம் செல் கிளம்பியதிலிருந்து விந்தணு குழலின் நடுவே விடுவிக்கப்படும் வரை எத்தனை நாள்? கார்ல் ஹெல்லரும் ஈவ் கிளெர்மோனும் 1963ல், கதிரியக்க அடையாளமிட்ட தைமிடினைத் தன்னார்வலர்களுக்குச் செலுத்தி அது எப்போது எந்தக் கட்டத்தில் தென்படுகிறது என்று பின்தொடர்ந்து, சுமார் 64 நாள் என்றார்கள். தொடக்கப் பிரிவுகளையும் சேர்த்து இன்று 74 நாள் என்று சொல்கிறோம். அதன் பின் எபிடிடிமிஸ் என்ற, நீட்டினால் ஆறு மீட்டர் வரும் குழலில் சில நாள் முதல் இரண்டு வாரம் வரை. அங்கே நுழையும்போது விந்தணுவுக்கு நீந்தத் தெரியாது, வெளியேறும்போது தெரியும்.

இந்தக் கணக்கு மருத்துவமனையில் மிகவும் பயன்படும். இன்றைய விந்துப் பரிசோதனை இன்றைய உடல்நிலையைக் காட்டுவதில்லை, இரண்டு மூன்று மாதத்துக்கு முந்தைய நிலையைக் காட்டுகிறது. இடையில் கடும் காய்ச்சல் வந்திருந்தால் எண்ணிக்கை சரிந்திருக்கும். விந்தகம் உடலின் உள்வெப்பத்தைவிட இரண்டு முதல் நான்கு டிகிரி குறைவாக இருந்தால்தான் வேலை நடக்கும். ஒரே ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு மனமொடிந்து போகாமல், இடைவெளி விட்டு இன்னொரு முறை பார்க்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

அந்தப் பரிசோதனையை லேபில் எப்படிச் செய்கிறார்கள் என்று சொல்கிறேன். இரண்டு முதல் ஏழு நாள் இடைவெளிக்குப் பின் கொடுத்த மாதிரியை 37 டிகிரி வெப்பத்தில் வைத்து, கொழகொழப்பு நீங்கி நீர்மமாகக் காத்திருக்கிறார்கள். பெரும்பாலும் அரை மணி நேரத்தில் ஆகிவிடும். பிறகு கட்டம் கீறிய கண்ணாடிச் சில்லில் ஒரு துளி. முன்னேறி நீந்துபவை, இருந்த இடத்தில் துடிப்பவை, அசையாதவை என்று குறைந்தது 200 விந்தணுக்களை எண்ண வேண்டும். அதையும் இரண்டு தடவை. உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேடு தரும் கீழ் வரம்பு ஒரு மில்லிலிட்டருக்கு 1.6 கோடி விந்தணு, முன்னேறி நீந்துபவை 30 சதவீதம், இயல்பான வடிவம் 4 சதவீதம். கடைசி எண்ணைப் பார்த்துப் பலர் கலங்கிப்போகிறார்கள். நூற்றில் நான்கு மட்டும் சரியான வடிவில் இருப்பதே மனித இனத்துக்கு இயல்புதான். இந்த வரம்புகள் ஒரு வருடத்துக்குள் மனைவி கருவுற்ற ஆண்களை வைத்து வகுத்தவை. அந்தத் தகப்பன்மாரிலும் நூற்றுக்கு ஐந்து பேர் இந்த வரம்புக்குக் கீழேதான் இருந்தார்கள். வரம்புக்குக் கீழே என்றால் வாய்ப்பு குறைவு, வாய்ப்பே இல்லை என்று பொருளல்ல.

விந்து நீரின் அளவுக்கும் விந்தணுவுக்கும் பெரிய தொடர்பில்லை. நீரில் பெரும்பகுதி விந்துப்பைகளிலிருந்தும் புராஸ்டேட்டிலிருந்தும் வருவது. விந்தகத்தின் பங்கு நூற்றில் ஐந்துக்கும் குறைவு. கனவில் விந்து வெளியேறினால் நரம்பு தளர்ந்துவிடும், ரத்தம் வற்றிவிடும் என்று ஊர் ஊராக லாட்ஜில் அறை போட்டு இளைஞர்களிடம் பணம் பிடுங்குபவர்கள் சொல்வதில் எள்ளளவும் உண்மை கிடையாது. வினாடிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட விந்தணுக்கள் உருவாகிக்கொண்டே இருக்கின்றன. வெளியேறாதவை சிதைந்து உடலாலேயே உறிஞ்சப்படுகின்றன.

ரிப்போர்ட் முழுக்க நார்மல், ஆனாலும் கரு தரிக்கவில்லை என்ற நிலையும் உண்டு. பெண்ணின் உடலுக்குள் சில மணி நேரம் இருந்த பிறகே விந்தணுவுக்குக் கருவுறச் செய்யும் தகுதி வருகிறது என்று 1951ல் சாங், ஆஸ்டின் இருவரும் தனித்தனியே கண்டறிந்தார்கள். வாலில் உள்ள கேட்ஸ்பர் என்ற கால்சியம் வாயில், சினைமுட்டையைச் சூழ்ந்த செல்கள் சுரக்கும் புரோஜெஸ்டிரோன் பட்டதும் திறக்க, வாலின் வீச்சு திடீரென்று மூர்க்கமாகிறது. அந்த வாயில் பழுதான விந்தணு கண்ணாடிச் சில்லில் நன்றாகவே நீந்தும்; முட்டையின் உறையைத் துளைக்கத்தான் முடியாது. விந்தணுவின் மேல் உள்ள இசுமோ என்ற புரதத்தை 2005ல் ஜப்பானியர்கள் கண்டுபிடித்து, திருமண வரத்துக்குப் பெயர்போன தங்கள் கோயிலின் பெயரை வைத்தார்கள். முட்டையின் மேல் அது பற்றிக்கொள்ளும் புரதத்தை 2014ல் இங்கிலாந்தில் கண்டவர்கள் ரோமானியத் திருமண தெய்வமான ஜூனோவின் பெயரை வைத்தார்கள். இரண்டில் எது இல்லாவிட்டாலும் விந்தணு முட்டையைத் தொட்டுக்கொண்டே நிற்கும், இணையாது.

இப்போது பாவியா நகரம். செர்டோலி படித்த அதே ஊரில் 1976ல் லூச்சியானோ தியேபோலோ, ஓர்செட்டா சுஃபார்டி இருவரும் 1,170 ஆண்களின் குரோமோசோம்களைப் பார்த்தார்கள். விந்தணுவே இல்லாத ஆறு பேருக்கு ஒய் குரோமோசோமின் நீண்ட கையில் ஒரு பகுதி இல்லை. விந்தணு உருவாக வேண்டிய ஏதோ ஒன்று அங்கே இருக்கிறது என்று எழுதினார்கள். இன்று அந்தப் பகுதியை ஏஇசட்எஃப் என்கிறோம். ஏ, பி, சி என்று மூன்று துண்டுகள். நுண்ணோக்கியில் தெரியாத சிறு இழப்புகளும் அங்கே நிகழ்கின்றன. காரணம் ஒய்யின் தனிமை. மற்ற குரோமோசோம்களுக்கு ஜோடி உண்டு. பழுதானால் ஜோடியைப் பார்த்துச் சரி செய்யலாம். ஒய்க்கு முனைகளைத் தவிர ஜோடி கிடையாது. அதனால் முக்கியமான மரபணுக்களை, இரு திசையிலும் ஒன்றுபோலவே படிக்கும் மாலைமாற்று அமைப்பில் தனக்குள்ளேயே இரண்டு பிரதி வைத்துக்கொண்டு, ஒன்றைப் பார்த்து மற்றதைத் திருத்திக்கொள்கிறது. 2003ல் டேவிட் பேஜ் குழு ஒய்யின் வரிசையை வெளியிட்டபோது இத்தகைய எட்டு அமைப்புகள் தெரியவந்தன. அந்தத் தற்காப்பே ஆபத்துமாகிறது. ஒரேமாதிரியான இரண்டு பிரதிகள் தப்பான இடத்தில் பிணைந்துவிட்டால் இடைப்பட்ட பகுதி முழுவதும் அறுந்து போகிறது. மிக அதிகமாகக் காணப்படும் சி-துண்டு இழப்பு அப்படி வருவதுதான்.

இந்திய ஆண்களிடம் இந்த இழப்புகளைத் தேடி ஆராய்ந்தவர்களில் ஹைதராபாத் சிசிஎம்பி ஆய்வகத்தின் கே. தங்கராஜ் குழு முக்கியமானது. விந்தணு இல்லை என்று ரிப்போர்ட் வந்தவர் இந்த மரபுச் சோதனையைச் செய்துகொள்வதில் நேரடிப் பலன் இருக்கிறது. ஏ அல்லது பி துண்டு முழுவதும் போயிருந்தால் விந்தகத்தைத் திறந்து தேடினாலும் விந்தணு கிடைக்காது. வீண் அறுவை சிகிச்சை மிச்சம். சி மட்டும் போயிருந்தால் கிடைக்க நல்ல வாய்ப்புண்டு. 1999ல் பீட்டர் ஷ்லேகல் விவரித்த முறையில், அறுவை நுண்ணோக்கியின் கீழ் மெலிந்த குழல்களுக்கு நடுவே சற்றுப் பருத்து வெண்மையாகத் தெரியும் குழலைத் தேடி எடுக்கிறார்கள். அதில் விந்தணு இருக்க வாய்ப்பு அதிகம். கிடைத்தால் அது முட்டைக்குள் நேரடியாகச் செலுத்தப்படுகிறது. 1992ல் பிரஸ்ஸல்ஸில் ஜான்பியரோ பலெர்மோ குழு வெளியிட்ட இக்சி முறை இது. பிறக்கும் மகன்களுக்கு அப்பாவின் அறுந்த ஒய்யும் போகும், அதே பிரச்சினையும் போகும். இதை முன்கூட்டியே தம்பதிக்குச் சொல்லிவிடுவது மருத்துவரின் கடமை.

ஸ்டெம் செல்கள் ஆயுள் முழுக்கப் பிரிவதால் ஆணுக்கு வயதாகும் கணக்கும் உண்டு. ஒவ்வொரு பிரிவிலும் டிஎன்ஏவை நகலெடுக்கும்போது பிழை விழலாம். ஐஸ்லாந்துக் குடும்பங்களை ஆராய்ந்து 2012ல் வெளியான முடிவின்படி, தகப்பனுக்கு ஒரு வயது கூடும்போது குழந்தைக்குப் போகும் புதிய மரபுப் பிழைகள் சுமார் இரண்டு கூடுகின்றன. பெரும்பாலானவை தீங்கற்றவை. வயதானால் பெண்ணுக்குத்தான் பிரச்சினை என்று பேசும் வீடுகளில் இந்த எண்ணையும் சொல்ல வேண்டும்.

கடைசியாக, அதிகம் பேசப்படாத ஒன்று. புற்றுநோய்க்குக் கொடுக்கும் சைக்ளோஃபாஸ்ஃபமைடு போன்ற மருந்துகள் பிரியும் செல்களைக் கொல்பவை. நுண்குழலின் ஸ்டெம் செல்களும் அதில் சாகின்றன. வயதுக்கு வந்த ஆண் என்றால் சிகிச்சைக்கு முன்பே விந்தைத் திரவ நைட்ரஜனில் உறையவைத்துவிடலாம். பல ஆண்டு கழித்தும் இக்சிக்கு அது போதும். பத்து வயதுப் பையனிடம் உறையவைக்க விந்தணுவே கிடையாது, ஸ்டெம் செல்கள் மட்டும் உண்டு. 1994ல் பென்சில்வேனியாவில் ரால்ஃப் பிரின்ஸ்டர் ஓர் எலியின் ஸ்டெம் செல்களை மலடான இன்னோர் எலியின் நுண்குழலுக்குள் செலுத்தி, அங்கே விந்தணு விளையவைத்தார். அதை நம்பிச் சில நாடுகளின் மருத்துவமனைகள் சிறுவர்களின் விந்தகத் திசுவைச் சிறு துண்டாக எடுத்துப் பாதுகாத்து வருகின்றன. இருபது வயது இளைஞனுக்கு லிம்ஃபோமா என்று தெரிந்து, வீடே நிலைகுலைந்து நிற்கும் நேரத்தில் எதிர்காலக் குழந்தையைப் பற்றி யாரும் நினைப்பதில்லை. மருத்துவரும் அவசரத்தில் சொல்ல விட்டுவிடலாம். முதல் டோஸ் ஏறுவதற்கு முன் அவனோ அவன் அப்பாவோ கேட்டுவிட வேண்டும். விந்து வங்கியில் மாதிரி கொடுத்து முடிக்க ஒரு முற்பகல் போதும்.